விருது பெற்ற படம் ஏன் நம்மை ஏமாற்றுகிறது? எதிர்பார்ப்பு பற்றிய ஓர் எளிய விளக்கம்

2009ஆம் ஆண்டு பிப்ரவரி 23, திங்கட்கிழமை காலை. தருமபுரிப் பேருந்து நிலையத்தை ஒட்டிய தேநீர்க் கடை ஒன்றில் நின்றுகொண்டிருந்தேன். அமெரிக்காவில் அது முந்தைய நாள் இரவு. ஆஸ்கர் மேடையில் ஏ.ஆர்.ரஹ்மான் ‘எல்லாப் புகழும் இறைவனுக்கே’ என்று தமிழில் சொன்னதைத் தொலைக்காட்சியில் கண்டபோது, பேருந்து போனாலும் போகட்டும் என்று நின்றுவிட்ட அத்தனை பேரும் கைதட்டினார்கள். மும்பைச் சேரிப் பையன் ஒருவன் தொலைக்காட்சி வினாடி வினாவில் வெல்லும் கதையான ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ அன்று 8 விருதுகளை வென்றது. அவற்றுள் சிறந்த இசைக்கான விருது ரஹ்மானுடையது. சிறந்த பாடலுக்கான விருதைப் பாடலாசிரியர் குல்சாருடன் அவர் பகிர்ந்துகொண்டார்.

அந்த வாரமே நண்பர்கள் நால்வர் சேர்ந்து படத்தைப் பார்த்தோம். வெளியே வந்து வண்டியை எடுக்கும்வரை யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒருவர், “இதுக்காப்பா குடுத்தாங்க? இதவிட எத்தன நல்ல பாட்டு போட்டிருக்காரு” என்றார். மற்ற மூவர் மனத்திலும் இருந்தது அதுவே.

இப்படி ஒரு படம் நம்மைத் தொடாமல் போகும்போது இரண்டு விளக்கங்கள் உடனே முன்வைக்கப்படுகின்றன. விருது என்பதே அரசியல், வெளிநாட்டாருக்கு நம் வறுமையைப் பார்க்கப் பிடிக்கும், அதனால் கொடுத்தார்கள் என்பது ஒன்று. நமக்கு உலகத் தரமான ரசனை இல்லை, அதனால் புரியவில்லை என்பது மற்றொன்று. முதலாவது குற்றத்தைக் கொடுத்தவர்மீது சுமத்துகிறது. இரண்டாவது பார்த்தவர்மீது சுமத்துகிறது. பார்க்கும்போது மனத்துக்குள் உண்மையில் என்ன நடந்தது என்பதை இரண்டுமே சொல்வதில்லை. அதைத்தான் இங்கே படிப்படியாக விளக்க முயல்கிறேன்.

ஒகேனக்கல்லில் இருவர்

ஏப்ரல் மாதத்தில், காவிரியில் தண்ணீர் குறைந்திருக்கும் ஒரு நாளில், ஒகேனக்கல்லுக்கு இருவர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் பென்னாகரத்துக்காரர். எண்ணெய் தேய்த்துக் குளித்து, மீன் குழம்போடு சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தவர். மற்றவர் தொலைவிலிருந்து வந்தவர். கர்நாடக அணைகள் நிரம்பி உபரி நீர் திறக்கப்படும் ஆடி மாதத்தில், பாறைகள் எல்லாம் மூழ்கி, பரிசல்கள் நிறுத்தப்பட்டு, நுரையும் புகையுமாக நீர் பாயும் காட்சியைப் படங்களில் பார்த்துவிட்டு வந்தவர். இருவரும் பார்ப்பது ஒரே நீரை, ஒரே பாறையை. முதலாமவர் நிறைவோடு திரும்புகிறார்; இரண்டாமவர் ‘இவ்வளவுதானா’ என்று கேட்டுவிட்டுத் திரும்புகிறார்.

அருவியை இவர்கள் நேராக அளக்கவில்லை. மனத்தில் முன்பே இருந்த ஒன்றோடு ஒப்பிட்டு அளந்தார்கள். அளப்பதற்கு மனம் எடுத்துக்கொள்ளும் இந்தத் தொடக்கப் புள்ளிக்கு ‘ஒப்பளவு’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். உடலும் இப்படியே இயங்குகிறது என்பதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு கையைச் சூடான நீரிலும் மறு கையைக் குளிர்ந்த நீரிலும் சற்று நேரம் வைத்திருந்துவிட்டு, இரண்டையும் ஒரே வெதுவெதுப்பான நீரில் இட்டால், ஒரு கைக்கு அது குளிரும், மற்ற கைக்குச் சுடும். ஒரே நீர் இரு கைகளுக்கு இருவேறாகத் தோன்றுவதை ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக் 17ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார்.

ஆகவே, ‘பிடித்தது’, ‘பிடிக்கவில்லை’ என்னும் சொற்கள் படத்தை மட்டும் குறிப்பவை அல்ல. படத்துக்கும் ஒப்பளவுக்கும் இடையே உள்ள தொலைவையும் சேர்த்தே குறிப்பவை.

புகழ்ச்சி எப்போதும் கெடுப்பதில்லை

இதைக் கேட்டவுடன், புகழ்ந்து பேசினாலே படம் கெட்டுவிடும் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பெரும்பாலான நேரங்களில் புகழ்ச்சி உதவியே செய்கிறது. கிருஷ்ணகிரிச் சந்தையில் மாம்பழம் விற்பவர், “சந்தூர்ப் பழங்க, தேனா இருக்கும்” என்று சொல்லிக் கொடுத்தால், பழம் சுமாரான இனிப்போடு இருந்தாலும் நம் நாக்கு அதைத் தேன் பக்கமாகவே தள்ளிக்கொண்டு போகும். 2008இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தபோது, விலை கூடுதலாகச் சொல்லப்பட்டதே சுவையாக இருப்பதாகக் குடித்தவர்கள் கூறினார்கள். இன்ப உணர்வோடு தொடர்புடைய மூளைப் பகுதியின் இயக்கமும் அதற்கேற்பக் கூடியிருந்தது.

ஆனால் அதே மாம்பழம் முதல் கடியிலேயே புளித்தால் கதை மாறிவிடுகிறது. எதிர்பார்ப்பு ஏதும் இல்லாமல் கடித்திருந்தால் ‘லேசான புளிப்பு’ என்று விட்டிருப்போம். தேன் என்று நம்பிக் கடித்ததால், இருப்பதைவிடக் கூடுதலாகப் புளிக்கிறது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் இடைவெளி சிறிதாக இருந்தால், மனம் கிடைத்ததை எதிர்பார்ப்பை நோக்கி இழுத்துக்கொள்கிறது. இதை ‘ஈர்ப்பு’ என்போம். இடைவெளி ஓர் எல்லையைத் தாண்டினால், கிடைத்ததை இன்னும் தொலைவுக்குத் தள்ளிவிடுகிறது; இது ‘விலக்கம்’. மிகவும் பாராட்டப்பட்ட ஒரு படம் நமக்குச் சுமாராகப் படாமல், நேராக மோசமாகவே படுவதற்கு இந்த விலக்கமே பெரும்பாலும் காரணம். சுமாரான படத்தின் மீது நமக்குக் கோபம் வருவதில்லை. புகழப்பட்ட சுமாரான படத்தின் மீதுதான் வருகிறது.

மூளை முன்கூட்டியே போடும் கணக்கு

தீபாவளிக்கு 10,000 ரூபாய் போனஸ் வரும் என்று எண்ணியிருந்தவருக்கு 8,000 வந்தால் முகம் வாடுகிறது. ஒன்றும் வராது என்று இருந்தவருக்கு 2,000 வந்தால் இனிப்புப் பெட்டியோடு வீட்டுக்குப் போகிறார். பணத்தின் அளவை மட்டும் பார்த்தால் இது பொருந்தாது. எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்தால் பொருந்தும். இந்த வேறுபாட்டுக்கு மூளை அறிவியலில் ‘கணிப்புப் பிழை’ என்று பெயர். எண்ணியதைவிடக் கூடுதலாகக் கிடைத்தால் அது நேர்ப் பிழை. குறைந்தால் எதிர்ப் பிழை.

1990களில் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்னும் நரம்பியல் அறிஞர் குரங்குகளிடம் இதை நேரடியாகவே அளந்தார். எதிர்பாராமல் ஒரு துளி பழச்சாறு கிடைத்தபோது, டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் சட்டென்று துடித்தன. பிறகு, சாறு வருவதற்கு முன் ஓர் அறிகுறி காட்டப்பட்டு, அது குரங்குக்குப் பழகிவிட்டதும், அந்தத் துடிப்பு அறிகுறிக்கு இடம்பெயர்ந்தது. சாறு வந்தபோது துடிப்பு இல்லை. அறிகுறி காட்டிவிட்டுச் சாற்றைக் கொடுக்காமல் விட்டபோது, துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கியது. டோபமைனை ‘இன்ப வேதிப்பொருள்’ என்று பலரும் எழுதுகிறார்கள், அது சரியன்று. நினைத்ததைவிட நல்லதா, கெட்டதா என்று மூளைக்குச் சொல்லும் செய்தி அது.

குரங்குக்குக் கிடைத்த ஒரு துளிச் சாற்றையும் இரண்டு மணி நேரம் ஓடும் ஒரு திரைப்படத்தையும் ஒன்றாக வைத்துப் பேசிவிட முடியாது என்பது உண்மைதான். ஆயினும் எங்கள் நால்வருக்கும் நடந்ததை இது தெளிவாக்குகிறது. தேநீர்க் கடையில் கைதட்டிய அந்தக் காலையிலேயே எங்கள் மகிழ்ச்சியின் பெரும்பகுதி செலவாகிவிட்டது. அறிகுறியிலேயே துடித்து முடித்துவிட்டுத்தான் திரையரங்குக்குப் போனோம்.

கூத்து பார்ப்பவர் ஒருவர் இங்கே நியாயமான ஒரு மறுப்பை எழுப்பலாம். நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊர்களில் திரௌபதியம்மன் கோயில் முன்பு பாரதக் கூத்து நடக்கிறது. அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவான், துரியோதனன் படுகளத்தில் விழுவான் என்பது குழந்தைக்கும் தெரியும். எதிர்பாராததுதான் இன்பம் என்றால், விடிய விடிய உட்கார்ந்து தெரிந்த கதைக்குக் கண்ணீர் விடுவது எப்படி? கேள்வி சரியானது; விடையும் உண்டு. என்ன நடக்கும் என்னும் எதிர்பார்ப்பு வேறு. எவ்வளவு நன்றாக இருக்கும் என்னும் எதிர்பார்ப்பு வேறு. முதலாவது நிறைவேறும்போது மனம் மகிழவே செய்கிறது. முகவீணை எந்த இடத்தில் உச்சத்துக்கு ஏறும் என்று தெரிந்து காத்திருந்து, அது அங்கேயே ஏறும்போது வரும் சிலிர்ப்பு அப்படிப்பட்டது. ஏமாற்றம் தருவது இரண்டாவது. நேற்று இந்தக் கூத்துக்கு உலகப் பரிசு கிடைத்தது என்று யாரும் அறிவித்துவிட்டு வாத்தியார் திரைக்குப் பின்னாலிருந்து வருவதில்லை.

சுருங்கச் சொன்னால், கதை தெரிந்திருப்பது படத்தைக் கெடுப்பதில்லை. தரம் பற்றிய உறுதிமொழியை முன்பே பெற்றுவிடுவதுதான் கணக்கை உயர்த்திவிடுகிறது.

ஒரே படம், இரண்டு வரிசைகள்

இனி அந்தப் படத்தின் தேதிகளைப் பாருங்கள். அதை அமெரிக்காவில் வெளியிடுவதாக இருந்த வார்னர் இண்டிபெண்டன்ட் நிறுவனம் 2008இல் மூடப்பட்டது; படம் திரையரங்குக்கே வராமல் குறுவட்டாக மட்டும் வெளியாகும் நிலை ஏற்பட்டது. பிறகு ஃபாக்ஸ் சர்ச்லைட் நிறுவனம் கைகொடுத்து, நவம்பர் 12ஆம் நாள் சில அரங்குகளில் மட்டும் வெளியிட்டது. இந்தியாவிலோ அது 2009 ஜனவரி 23ஆம் நாள் வெளியானது. அதற்குள் ஜனவரி 11ஆம் நாள் கோல்டன் குளோப் விருதுகள் நான்கு கிடைத்துவிட்டன. ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியல் ஜனவரி 22ஆம் நாள், அதாவது இந்திய வெளியீட்டுக்கு முந்தைய நாள், அறிவிக்கப்பட்டது.

அமெரிக்கப் பார்வையாளர் நவம்பரில் பார்த்தது, பெரிய நடிகர் பெயரில்லாத, கைவிடப்படவிருந்த ஒரு சிறு படத்தை. நாம் பார்த்தது, உலகமே பாராட்டுகிறது என்று செய்தித்தாள்கள் இரண்டு வாரமாக எழுதிவந்த ஒரு படத்தை. சட்டகம் சட்டகமாக ஒன்றேயான படம்தான்; ஒப்பளவுகள் எதிரெதிரானவை. அவர்களுக்கு நேர்ப் பிழை விழுந்த அதே இடத்தில் நமக்கு எதிர்ப் பிழை விழுந்தது. இதில் சூழ்ச்சி எதையும் தேட வேண்டியதில்லை.

ரஹ்மானின் இசைக்கும் இதே கணக்குதான், இன்னும் கூர்மையாக. 1992இல் ‘ரோஜா’ வந்த நாள் முதல் 16 ஆண்டுகள் அவரோடு வாழ்ந்தவர்கள் நாம். பாலக்கோட்டிலிருந்து வரும் தனியார்ப் பேருந்திலும், தேர்த் திருவிழா ஒலிபெருக்கியிலும், கல்யாண மண்டபத்திலும் அவருடைய பாடல்கள் நம் காதில் விழுந்துகொண்டே இருந்தன. நம் ஒப்பளவு அவருடைய மிகச் சிறந்த பாடல்கள். ஆஸ்கருக்கு வாக்களித்தவர்களுள் மிகப் பலருக்கு அவர் புதியவர். அவர்கள் ஒப்பிட்டது அந்த ஆண்டு பட்டியலில் இருந்த மற்ற நான்கு படங்களின் இசையோடு.

விருது உண்மையில் எந்தக் கேள்விக்கு விடை?

ஆஸ்கரில் இசைக்கான பரிந்துரைப் பட்டியலை, அந்த விருதை வழங்கும் அமெரிக்கத் திரைப்பட அகாதமியின் இசைப் பிரிவு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். வெற்றியாளரை எல்லாப் பிரிவு உறுப்பினர்களும் வாக்களித்து முடிவுசெய்கிறார்கள். அன்று அவர்கள் ஏறத்தாழ 6,000 பேர். அவர்கள் முன் வைக்கப்பட்ட கேள்வி, ‘இந்த ஆண்டு இந்த ஐந்தில் எது?’ என்பது மட்டுமே. ‘இந்த இசையமைப்பாளரின் வாழ்நாளில் எது சிறந்தது?’ என்றோ, ‘தருமபுரியில் இருப்பவர் நெஞ்சை எது உருக்கும்?’ என்றோ யாரும் அவர்களைக் கேட்கவில்லை. கேட்கப்படாத கேள்விக்கான விடையை விருதில் தேடுவது நாம்தான்.

அடுத்த ஆண்டு முதல் சிறந்த படத்துக்கான வாக்குமுறை மாறியது என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். 2010இல் நடந்த விழாவிலிருந்து உறுப்பினர்கள் படங்களை முதலிடம், இரண்டாமிடம் என்று வரிசைப்படுத்தி வாக்களிக்கிறார்கள். குறைந்த முதலிடம் பெற்ற படங்கள் ஒவ்வொன்றாக விலக்கப்பட்டு, அவற்றின் வாக்குகள் அடுத்த விருப்பத்துக்குச் செல்கின்றன. பந்திக்கு ஒரே ஒரு பொரியல் என்று பத்துப் பேர் சேர்ந்து முடிவெடுப்பதைப் போன்றது இது. சிலருக்கு உயிராகவும் சிலருக்கு ஆகாததாகவும் இருக்கும் பாகற்காயைவிட, சிலருக்கு முதல் விருப்பமாகவும் மற்றவர்களுக்கு இரண்டாவது விருப்பமாகவும் இருக்கும் பீன்ஸ் வெல்லும் வாய்ப்பு கூடுதல்.

பாட்டும் பின்னணி இசையும்

எங்கள் நண்பர் சொன்ன வாக்கியத்தில் ஒரு சொல் முக்கியமானது: ‘பாட்டு’. நம் பேச்சில் திரையிசை என்றால் பாட்டு. ஆஸ்கரின் இசை விருதோ, காட்சிகளுக்கு அடியில் ஓடும் இசைக்கு வழங்கப்படுவது. உரையாடலுக்கும் செயலுக்கும் துணையாக ஒலித்து, பார்ப்பவரின் கவனத்தைத் தன்மீது இழுக்காமலேயே காட்சியின் வேகத்தையும் உணர்வையும் அமைக்கும் இசையே பின்னணி இசை. நம் தேசிய விருதுகளிலும் 2009ஆம் ஆண்டுப் படங்கள் முதல் பாடல்களுக்கும் பின்னணி இசைக்கும் தனித்தனியே பரிசு வழங்கப்பட்டு வருகிறது; அந்த ஆண்டு பின்னணி இசைக்கான விருதைப் பெற்றவர் இளையராஜா.

பாட்டை ரசிக்க நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு பின்னணி இசைக்குக் கிடைப்பதில்லை. தமிழ்ப் படத்தின் பாடல்கள் படத்துக்குப் பல வாரங்கள் முன்பே வெளியாகிவிடும். அரங்கில் உட்காரும்போது பல்லவி மனப்பாடமாகியிருக்கும். சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் நாமும் சேர்ந்து திரும்புவோம். போலந்தில் பிறந்த உளவியலாளர் ராபர்ட் ஸயோன்ட்ஸ் 1968இல் எழுதிய ஆய்வு, ஒன்றை மீண்டும் மீண்டும் சந்திப்பதே அதன்மீது விருப்பத்தைக் கூட்டக்கூடும் என்று காட்டியது. இதைப் ‘பழக்க விளைவு’ எனலாம். ஒருமுறை மட்டும், அதுவும் துரத்தலுக்கும் கூச்சலுக்கும் அடியில் கேட்ட இசையை, நூறு முறை கேட்டு உடம்பில் ஊறிய பாட்டோடு நிறுத்துப் பார்த்தால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பது கேட்காமலே விளங்கும்.

விருது பெற்ற ‘ஜெய் ஹோ’வும் படத்தின் நடுவே வந்து கதையைத் தாங்கும் பாட்டு அன்று. கதை முடிந்தபின், இரயில் நிலைய நடைமேடையில் ஆடும் ஆட்டத்தோடு, பெயர்ப் பட்டியல் ஓடும்போது வருகிறது. நாங்கள் படம் முழுக்க ஒரு பாட்டுக்காகக் காத்திருந்தோம். வந்தபோது பாதிப் பேர் எழுந்து நடக்கத் தொடங்கியிருந்தார்கள்.

பரிசு அழைத்துவரும் புதிய கூட்டம்

இதுவரை ஒரு மனத்துக்குள் நடப்பதைப் பார்த்தோம். அரங்கில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் முக்கியம். 2014இல் பலாஷ் கோவாச், அமாண்டா ஷார்கி ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வு, பரிசு வென்ற ஆங்கிலப் புத்தகங்களையும் அதே பரிசுகளின் இறுதிப் பட்டியலுக்கு வந்து தோற்ற புத்தகங்களையும் இணை இணையாக எடுத்து, வாசகர்கள் இணையத்தில் அளித்த 38,000க்கும் மேற்பட்ட மதிப்பீடுகளை ஒப்பிட்டது. பரிசு அறிவிக்கப்பட்டபின், வென்ற புத்தகங்களின் வாசகர் எண்ணிக்கை பெருகியது. சராசரி மதிப்பெண்ணோ தோற்றவற்றைவிடக் கூடுதலாகச் சரிந்தது. எதிர்பார்ப்பு உயர்ந்தது ஒரு காரணம். அந்த வகை எழுத்தைத் தாமாகத் தேடிப் படிக்காதவர்களும் பரிசின் பெயரால் வந்து சேர்ந்தது மற்றொரு காரணம். எங்கள் நால்வரையும் அந்த இரண்டாவது கூட்டத்தில் சேர்க்கலாம். விருது இல்லாவிட்டால் ஓர் ஆங்கிலேய இயக்குநர் மும்பைச் சேரியில் எடுத்த படத்துக்கு நாங்கள் போயிருக்கவே மாட்டோம்.

பாராட்டு பெருகுவதிலும் தற்செயலுக்கு ஒரு பங்கு உண்டு. 2006இல் மேத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகியோர், 14,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டு, யாரும் அறியாத 48 பாடல்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். பங்கேற்றவர்கள் தனித்தனிக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, தம் குழுவில் எந்தப் பாடலை எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்பதை மட்டும் பார்க்க முடிந்தது. குழுவுக்குக் குழு வெற்றிப் பாடல் மாறியது. மிக நல்லவை அரிதாகவே தோற்றன, மிக மோசமானவை அரிதாகவே வென்றன; நடுவில் இருந்தவற்றுக்கு எது வேண்டுமானாலும் நடந்தது. ஆகவே, பலரும் புகழும் ஒன்றில் பெரும்பாலும் ஏதோ தகுதி இருக்கும்; ஆனால் புகழின் அளவும் தகுதியின் அளவும் ஒன்றல்ல.

படத்தின் குறையை எப்படிப் பிரித்தறிவது?

இவ்வளவும் சொன்னதால், ‘பிடிக்கவில்லை’ என்பதெல்லாம் மனத்தின் மயக்கம் என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். குறையுள்ள படங்கள் விருது பெறுகின்றன. எதிர்பார்ப்பின் இடைவெளியால் வந்த ஏமாற்றத்தையும் படத்திலேயே உள்ள குறையையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரிந்த வழி, சில ஆண்டுகள் விட்டு இன்னொரு முறை பார்ப்பதுதான். எதிர்பார்ப்பு ஆறிவிடும்; குறை ஆறாது. முதல்முறை பார்த்தபின் எழுந்த குற்றச்சாட்டுகளைத் தாளில் எழுதி வைத்திருந்தால் இன்னும் நல்லது. ‘இதற்கா கொடுத்தார்கள்’ என்னும் வகையைச் சேர்ந்தவை விருதைப் பற்றியவை. ‘இந்தக் காட்சி நம்பும்படி இல்லை’ என்னும் வகையைச் சேர்ந்தவை படத்தைப் பற்றியவை. எங்கள் பேச்சில் முதல் வகையே நிரம்பியிருந்தது.

பத்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கழித்து, வீட்டில், காதில் ஒலிப்பானை மாட்டிக்கொண்டு, அந்தப் படத்தை மீண்டும் பார்த்தேன். கேட்கப்படும் ஒவ்வொரு கேள்விக்கும் விடை அந்தப் பையனின் வாழ்க்கையிலேயே வரிசையாகக் கிடைத்துவிடும் அமைப்பை இம்முறையும் என்னால் ஏற்க முடியவில்லை. அது படத்தின் குறை என்றே இப்போது உறுதியாகச் சொல்வேன். ‘ஜெய் ஹோ’ ரஹ்மானின் முதல் வரிசைப் பாடல்களில் ஒன்றாக இன்றும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால், தொடக்கத்தில் விமான ஓடுதளத்தில் விளையாடும் சிறுவர்களைக் காவலர்கள் துரத்த, அவர்கள் சேரிச் சந்துகளுக்குள் ஓடும் காட்சி வந்தபோது, அடியில் ஓடிய தாளத்தை அன்று நான் கேட்கவே இல்லை என்பது புரிந்தது. அந்த இடத்தை இரண்டு முறை பின்னே ஓட்டிக் கேட்டேன்.